பத்மினிக்குப் பூசிய மீன் எண்ணெய்

இரண்டு ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் நடந்தது. மூன்றாம் மைல் தாண்டி ஒரு வேகத்தடையில் எங்கள் கார் ஏறி இறங்கியது. பின்னால் 'டொம்' என்று ஒரு சத்தம். பின் சீட்டில் இருந்த என் மனைவி சரோஜாவின் தலை கூரையில் இடித்தது. வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னாள். நிறுத்தினேன். இறங்கினாள். கையை நீட்டி ஓர் ஆட்டோவை மறித்தாள்.

"நான் இதுல வாரேன். நீங்க ஒங்க பத்மினியோட வாங்க."

அவ்வளவுதான். முன்னால் ஆட்டோவில் அவள், பின்னால் காரில் நான்... இப்படியே மில்லர்புரம் வரை ஊர்வலமாக வந்து சேர்ந்தோம். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார். விசாரிக்கவில்லை. அது அவருடைய பெருந்தன்மை.

பத்மினி என்றால் என்னவென்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். எண்பதுகளில் டாக்டர்களும் பேங்க் மேனேஜர்களும் வைத்திருந்த சின்னக் கார். நாலு பேர் சௌகரியமாகவும் ஒன்பது பேர் சந்தோஷமாகவும் போகலாம். எங்களுடையது வெள்ளை. சரோஜா எப்போதும் பின் சீட்டில்தான் உட்காருவாள். முன்னால் உட்கார்ந்தால் நான் ஓட்டுவதைப் பார்க்க வேண்டியிருக்கிறதாம்!

சரி, ஒரு வண்டி தூக்கிப் போட்டதற்கு ஒரு வாரப் பத்தியா என்று கேட்பீர்கள். விஷயம் அது இல்லை.

எங்கள் ஒரே மகள் திவ்யாவுக்கு ஏழாம் மாதம். ஸ்ரீவைகுண்டத்தில் மாமியார் வீட்டில் இருக்கிறாள். அதற்கடுத்த ஞாயிறு வளைகாப்பு. எங்கள் பக்கத்து வழக்கப்படி நாங்கள் கட்டுச்சோறு கொண்டு போக வேண்டும். வளையல் போட்டு முடிந்ததும் பெண்ணைப் பிரசவத்துக்கு வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். ஆட்டோ ஊர்வலம் நடந்த அன்று சாயங்காலமே திவ்யா போன் செய்தாள். "அப்பா, நான் நம்ம பத்மினிலதான் வருவேன், கேட்டியளா?"

எனக்கு வாயெல்லாம் பல். நான் பதில் சொல்வதற்குள் போன் சரோஜாவின் கைக்குப் போய்விட்டது. அந்த வண்டியில் மண்பானையை ஏற்றினால்கூட முழுசாக வந்து சேராது, ஏழு மாசப் புள்ளைத்தாச்சியை ஏற்றவா என்றாள். மருமகன் தங்கமான பையன். அவருடைய புதுக் காரிலேயே கொண்டுவந்து விட்டுவிடுவதாகச் சொன்னார். சொன்னவிதம் அவ்வளவு மரியாதை. ஆனாலும் எனக்குப் பொசுக்கென்று போய்விட்டது. பிறந்த குழந்தையாக ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கூட்டி வந்த வண்டி இது. இப்போது அவள் கேட்கும்போது இல்லை என்றா சொல்வது?

கடைசியில் சரோஜாவே தீர்ப்புச் சொன்னாள். சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் வண்டி சரியாக வேண்டும். சரியானதா என்று அவள் பார்ப்பாள். இல்லையென்றால் மருமகன் கார்.

ஆறு நாள்!

திங்கட்கிழமை காலையில் கடை திறக்கும் முன்பே ஜெபராஜ் ஒர்க்ஷாப் வாசலில் நின்றேன். ஜெபராஜுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். எட்டயபுரம் ரோட்டில் பழைய வண்டி என்றால் அவர்தான். பின்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கினார். அடியில் படுத்துக்கொண்டு, கடப்பாரையால் அங்கே இங்கே நெம்பினார். நெம்பிய இடமெல்லாம் ஆடியது.

இந்த வண்டிக்குப் பின்னால் இரண்டு பக்கமும் வில் மாதிரி வளைந்த இரும்புப் பட்டைகள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். நம் எடையைத் தாங்குவது அதுதான். பட்டையின் இரண்டு முனையிலும் வளையம். வளையத்துக்குள் ரப்பர் புஷ். இரும்போடு இரும்பு மோதாமல் நடுவில் நின்று அடி வாங்குவது இந்த ரப்பர்தான். (எல்லாக் குடும்பத்திலும் இப்படி ஒருவர் இருப்பார்.)

ஜெபராஜ் போல்ட்டைக் கழற்றி, அந்த ரப்பரை வெளியே எடுத்தார். எடுத்தார் என்று சொல்லக்கூடாது... வழித்தார். அல்வா மாதிரி விரலோடு இழுபட்டு வந்தது. முகர்ந்து பார்த்தார். மறுபடியும் முகர்ந்தார்.

"அண்ணாச்சி, இதுல எதுக்கு மீன் வாடை அடிக்கு?"

இந்த இடத்தில் பழைய வாசகர்கள் சிலர் எழுந்து தங்கள் காரைப் பார்க்க ஓடியிருப்பார்கள். ஆமாம். அதேதான்.

போன வருஷம் இதே பக்கத்தில் நான் ஒரு யோசனை எழுதியிருந்தேன். நம் ஊர் உப்புக்காற்று ஒரு வண்டியையும் விட்டுவைக்காது. உப்பளத்து ஓரமாக நாலு மழைக்காலம் ஓடினால் அடிப்பாகம் பொரித்த அப்பளம். ஆனால் மர வள்ளத்தைப் பாருங்கள்... வருஷக்கணக்காகக் கடலிலேயே கிடக்கிறது. மீன் எண்ணெய் பூசிப் பூசியே காப்பாற்றுகிறார்கள். கடலுக்கே தாங்குகிற எண்ணெய், காருக்குத் தாங்காதா? ஒவ்வொரு மழைக்கு முன்னாலும் ஒரு டின் மீன் எண்ணெய் வாங்கி, காருக்கு அடியில் படுத்து, ஒரு மூலை விடாமல் நானே பூசி வருகிறேன் — இப்படிப் பெருமையாக எழுதி, "நீங்களும் செய்து பாருங்களேன்" என்று முடித்திருந்தேன். பாராட்டி எத்தனை கடிதம்!

ஜெபராஜ் எழுந்து கையைத் துடைத்தார். இரும்பு புதுசு மாதிரி இருக்கிறதாம், ஒரு பொட்டுத் துரு இல்லையாம். ரப்பர்தான் எண்ணெயைக் குடித்து, ஊதி, அழுகிவிட்டதாம். "போன மாசம் இதே மாதிரி ரெண்டு வண்டி வந்துச்சு அண்ணாச்சி. ஏதோ வாரப் புக்குல போட்டிருந்தான்னு சொன்னாங்க."

நான் சுவரில் தொங்கிய காலண்டரை மிகவும் கவனமாகப் பார்த்தேன்.

வேலை ஆரம்பமானது. சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை — கவலையால் இல்லை, பரபரப்பால்! இடப்பக்கப் பட்டை வளைவு போய்த் தட்டையாகக் கிடந்தது. துறைமுகத்துக்குப் போகிற வழியில், டிரெய்லர் லாரிக்குப் பட்டை அடிக்கிற பட்டறைக்குக் கொண்டு போனோம். அங்கே இருக்கிற பட்டை ஒன்றைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும். எங்களுடையதைப் பார்த்துவிட்டு, "இது என்ன அண்ணாச்சி, கைப்புள்ளைக்கு உள்ள அரைஞாண் மாதிரில்லா இருக்கு" என்றார்கள். சிரித்தார்களே தவிர, வேலையில் விளையாடவில்லை. தரையில் சாக்பீஸால் ஒரு வில் வரைந்தார்கள். ஒவ்வொரு பட்டையையும் அடித்து, கோட்டின்மேல் வைத்துப் பார்த்து, மறுபடி அடித்தார்கள். இரண்டு மணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தேன். கடைசிப் பட்டை கோட்டோடு ஒட்டி நின்றபோது, எனக்குக் கைதட்டத் தோன்றியது. தட்டியும் விட்டேன்.

வியாழக்கிழமைதான் இடி விழுந்தது. புஷ் கிடைக்கவில்லை. ஊரில் இல்லை. திருநெல்வேலியில் இல்லை. மதுரைக்குப் போன் போட்டால், "வண்டியே இல்லாமப் போச்சு, புஷ்ஷுக்கு எங்க சார் போக?" என்று அவர்கள் என்னைக் கேட்டார்கள். வேறு வண்டியின் ரப்பரை வெட்டி மாட்டலாமா என்றேன். மாட்டலாம், ஆனால் பிள்ளைத்தாச்சி போகிற வண்டிக்கு நான் மாட்டமாட்டேன் என்றார் ஜெபராஜ். அவர்மேல் அப்போது கோபம் வந்தது. இப்போது இல்லை.

அப்புறம் அவருக்கே ஞாபகம் வந்தது — காயல்பட்டினத்தில் ஹமீது காக்கா (அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள்). கப்பலில் இன்ஜின் வேலை பார்த்துவிட்டு, பிறகு துபாயில் இருந்து திரும்பியவர். ஒரு காலத்தில் அவரும் பத்மினி வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிகிற நேரத்துக்கு ஜெபராஜின் பைக்கில் போய்ச் சேர்ந்தோம். காக்கா விஷயத்தைக் கேட்டார். எழுந்து உள்ளே போனார். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

திரும்பி வந்தவர் கையில் ஒரு பிஸ்கட் டின்.

திறந்தார். மல்லிகைப்பூ வாசனை! உள்ளே முகப்பவுடர் மெத்தையில் எங்கள் வண்டிக்கு வேண்டிய புஷ்கள் அத்தனையும் படுத்திருந்தன. ஜெபராஜ் ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். ரப்பர் அமுங்கி, உடனே திரும்பி எழுந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன்... எனக்குக் கண் கலங்கிவிட்டது. ரப்பருக்காக அழுத மனுஷன் இந்தக் கடற்கரையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

காக்கா கைமாறாக எதுவும் வாங்க மறுத்துவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை. "ரப்பருக்கு எண்ணெய் ஆவாது தம்பி. பவுடர்தான் சரி. இதுலயும் கொண்டுபோய்ப் பூசிடாதிய."

ஆக, மரத்துக்கு மருந்து ரப்பருக்கு விஷம். நமக்கு ஒன்று பலித்துவிட்டால் போதும், அதைக் கண்ணில் படுகிற எல்லாவற்றின்மேலும் பூசிவிடுகிறோம், இல்லையா? எண்ணெயை மட்டுமா... புத்திமதியையும்தான்.

சனிக்கிழமை நாலு மணிக்குச் சரோஜா பரிசோதனைக்கு வந்து இறங்கினாள். ஆட்டோவில்தான். பட்டை, புஷ், போல்ட் எல்லாம் மாட்டியாகிவிட்டது. கார் நாலு சக்கரத்தில் நின்றது. ஆனால் நட்டுகளை இன்னும் இறுக்கவில்லை. வண்டி தொங்கும்போது இறுக்கினால், ஆள் ஏறியதும் ரப்பர் முறுக்கிக்கொள்ளுமாம், சீக்கிரமே கிழிந்துவிடுமாம். வண்டி தரையில் நிற்க வேண்டும், பின் சீட்டில் ஆள் எடை இருக்க வேண்டும், அந்த நிலையில்தான் இறுக்க வேண்டும்.

வண்டிக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டே ஜெபராஜ் சொன்னார்: "அண்ணாச்சி ஒரு பக்கம் ஏறுங்க. மைனி, நீங்க அந்தப் பக்கம் சித்த ஏறி உக்காருங்க."

அவருக்கு ஆட்டோ கதை தெரியாது. சரோஜா காரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஏறமாட்டாள் என்றுதான் நினைத்தேன். புடவையை ஒதுக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். "புள்ளைக்காக உக்காருதேன்" என்றாள், என் பக்கம் திரும்பாமல்.

அடியில் ஸ்பேனர் கிறுக் கிறுக் என்று சுற்றியது. வேலை முடியப்போகிற உற்சாகத்தில் ஜெபராஜுக்குப் பேச்சு வந்துவிட்டது. "எவனோ ஒருத்தன் எழுதியிருக்கான் மைனி, வண்டிக்கு மீன் எண்ணெய் பூசுங்கன்னு. அவன் மட்டும் என் கையில கெடச்சான்..."

"கெடச்சிட்டான் தம்பி" என்றாள் சரோஜா. "எனக்குப் பக்கத்துலதான் இருக்கான்."

ஸ்பேனர் நின்றது. பிறகு வண்டிக்கடியிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது பாருங்கள்... சீட்டெல்லாம் அதிர்ந்தது. சரோஜாவும் சிரித்தாள். அந்த வாரத்தில் முதல் தடவையாக. என்ன செய்ய? நானும் சிரித்தேன்.

அப்போது ஜெபராஜ் என்னிடம் வாங்கிய வாக்குறுதியை இங்கே நிறைவேற்றிவிடுகிறேன். போன வருஷம் என் எழுத்தை நம்பி எண்ணெய் பூசிய அன்பர்களே, மன்னியுங்கள். ரப்பர் இருக்கிற பக்கம் அந்த டின்னைக் கொண்டு போகவே போகாதீர்கள். பூசியவர்கள் உடனே ஒரு மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள். காட்டும்போது என் பெயரைச் சொல்ல வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை டிக்கி நிறையக் கட்டுச்சோற்றுடன் கிளம்பினோம். பின் சீட்டில் மடியில் வளையல் தட்டோடு சரோஜா. அதே மூன்றாம் மைல், அதே வேகத்தடை. பல்லைக் கடித்துக்கொண்டேன். 'டொம்' வரவில்லை. 'பொத்' என்று, தலையணையில் தலை வைத்த மாதிரி ஒரு சத்தம். வளையல்கூடக் குலுங்கவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். சரோஜா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். திட்டவில்லை என்றால் பாராட்டு என்று அர்த்தம்.

சாயங்காலம் கை நிறைய வளையலோடு திவ்யா ஏறினாள், அம்மாவுக்குப் பக்கத்தில். மருமகனின் புதுக் கார் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு பின்னால் வந்தது. பெருங்குளம் வரைக்கும் பேச்சு. அப்புறம் சத்தமே இல்லை. கண்ணாடியில் பார்த்தேன். திவ்யாவின் தலை சரோஜாவின் தோளில், சரோஜாவின் தலை திவ்யாவின் தலைமேல். பின் சீட்டில் மூன்று பேர் தூங்கிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் இன்னும் பிறக்கவில்லை.

மில்லர்புரத்தில் வீட்டு வாசலில் நிறுத்தினேன். இன்ஜின் அடங்கியதும் சரோஜா கண்ணைத் திறக்காமலே முனகினாள்.

"ஏங்க, எதுக்கு நிப்பாட்டுனிய... போங்க."

வீடு வந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. சாவியைத் திருகி, இன்னொரு சுற்றுப் போய் வந்தேன்.