பெண் பார்க்க வந்த நாளில் என் பாசிக் குடுவை

கடலில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத பாசிகளிலிருந்து ஒரு வாயு வெளிவருகிறது. டைமெத்தில் சல்ஃபைடு என்று பெயர். கடற்காற்றில் ஒரு மணம் வருமே, அதில் இதற்கும் பங்கு உண்டு. அதை அளந்தே என் உத்தியோக காலத்தில் பெரும்பகுதி ஓடிவிட்டது. கப்பல் தளத்தில் பாட்டிலும் கையுமாக நிற்கும்போது, கூட வரும் இளம் ஆராய்ச்சியாளர்கள் கேட்பார்கள்: "மேடம், இதில் உங்களுக்கு எப்படி ஆர்வம் வந்தது?" ஆர்வமாவது ஒன்றாவது. முதன்முதலில் அதை நன்றாக மோந்தபோது எங்காவது ஓடிவிடலாமா என்றுதான் தோன்றியது. அப்போது நான் கடல் பக்கமே இல்லை. செஞ்சியில், எங்கள் வீட்டுக் கூடத்தில், தங்கையைப் பெண் பார்க்க வந்தவர்களுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தேன்.

அறுபதுகளின் நடுப்பகுதி. கடற்கரை ஊர் ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் நான் ஆராய்ச்சி மாணவி. எங்களுடையது ஜைனக் குடும்பம். வெங்காயம், பூண்டு, கிழங்கு எதுவும் வீட்டுக்குள் வராது. பொழுது சாய்ந்தபின் சாப்பாடும் கிடையாது. அப்படிப்பட்ட வீட்டுப் பெண் கடலைப் பற்றிப் படிக்கிறாள் என்றால் ஊர் சும்மா இருக்குமா? "பெரிய பொண்ணு மீன் காலேஜ்ல படிக்குது" என்று பரவிவிட்டது. நான் படிப்பது பாசி, அதுவும் தாவரம்தான் என்று நைனா தன் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தார். அவர் விளக்க விளக்க, ஏதோ இருக்கிறது என்று மற்றவர்கள் உறுதி செய்துகொண்டார்கள்.

எனக்கு இரண்டு வரன்கள் வந்து போயின. அதற்கப்புறம் அம்மா, "இவ படிக்கட்டும், சின்னவளுக்குப் பாப்போம்" என்று முடிவெடுத்தாள். தங்கைக்கு முதலில் வந்த இடமும் தட்டிப்போனது. "அக்கா மீன் அறுக்குதாமே?" என்று கேட்டுவிட்டுப் போனவர்கள் பதிலே அனுப்பவில்லை. தங்கை ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அடுத்ததாகத் தொண்டூரிலிருந்து இந்த இடம் வந்தது. நிலபுலம் உள்ளவர்கள், ஆசாரம் அதிகம், மாப்பிள்ளை ஆசிரியர். ஒருமுறை கோயிலில் பார்த்ததிலேயே தங்கைக்கு அவரைப் பிடித்துப்போயிருந்தது. இதுவும் என்னால் கெட்டால் அவள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று எனக்குத் தூக்கமே போய்விட்டது.

போதாக்குறைக்கு அந்தக் கோடை விடுமுறைக்கு நான் ஒரு குடுவையையும் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். கழிமுகத்திலிருந்து எடுத்த நீரில் ஒரே ஒரு பாசி உயிரணுவை நுண்ணோக்கியின் கீழே பிரித்தெடுத்து, அதிலிருந்து வளர்த்த கூட்டம் அது. அடைமழைக் காலத்தில் தொடங்கி, எத்தனையோ முறை செத்து, கடைசியில் ஒன்று பிழைத்துத் தேன் நிறத்தில் பெருகியிருந்தது. என் பட்டம் அதற்குள்தான் மிதந்துகொண்டிருந்தது. விடுமுறையில் ஆய்வுக்கூடத்தைப் பூட்டிவிடுவார்கள். அடைத்த அறைச் சூட்டில் இரண்டு நாள்கூடத் தாங்காது. அதனால் பஞ்சு அடைத்த குடுவையை ஈரத்துணியில் சுற்றி, விழுப்புரத்தில் பஸ் மாறி, மடியிலேயே வைத்துக் கொண்டுவந்து சேர்த்தேன். பக்கத்து சீட்டு அம்மாள் கஷாயமா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

செஞ்சி வெயிலை அனுபவித்தவர்களுக்குத் தெரியும். பகலெல்லாம் குடித்த சூட்டை மலைப்பாறைகள் ராத்திரி முழுக்கக் கக்கும். வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் தண்ணீர்ப் பானை மூலைதான். பக்கத்தில் ஒரு சின்ன ஜன்னலும் உண்டு. பானைக்கு அருகே ஈர மணலில் குடுவையைப் பதித்து வைத்தேன். அங்கே அது நன்றாகவே இருந்தது. வாடை கீடை எதுவும் இல்லை. நான்தான் நன்றாக இல்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் தண்ணீர் கேட்பார்கள், யாராவது மூலைக்குப் போவார்கள், இது என்ன என்பார்கள் என்று மனம் ஓயாமல் கணக்குப் போட்டது. அவர்கள் வரும் நாளன்று, மத்தியானச் சாப்பாடு முடிந்ததும், யாரிடமும் சொல்லாமல் குடுவையைப் பரண்மேல் ஏற்றிவிட்டேன். மேலே ஓடு தகித்தது. ஒரு மணி நேரம்தானே, தாங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவர்கள் சொன்ன நேரத்துக்கு வரவில்லை. கோட்டை மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கினால் பொழுது சாய்ந்ததாகக் கணக்கா இல்லையா, பலகாரம் கொடுக்கலாமா கூடாதா என்று அம்மாவும் நைனாவும் அடுப்படியில் மெல்லிய குரலில் சண்டை போட்டார்கள். நான் பரணையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவழியாக வண்டிச் சத்தம் கேட்டது. அம்மா பரபரவென்று ஓடி, பரணிலிருந்த பெரிய தாம்பாளத்தை எட்டி இழுத்தாள். மேலே ஏதோ உருளும் ஓசை. "எலி" என்று சொல்லிவிட்டு அம்மா கூடத்துக்குப் போய்விட்டாள். எலி இல்லை என்று தெரிந்தது எனக்கு மட்டும்தான்.

மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். தங்கை தலையைக் குனிந்தபடி கேசரியும் வாழைக்காய் பஜ்ஜியும் கொண்டுவந்து வைத்தாள். மாப்பிள்ளை அவளைப் பார்த்துவிட்டு, உடனே பஜ்ஜியைப் பார்த்தார். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் அந்த வாடை இறங்கியது. கடலைப் பார்க்காதவர்களுக்கு அந்த வாடைக்குத் தெரிந்த ஒரே பெயர் கருவாடு.

மாப்பிள்ளையின் அம்மா கையிலிருந்த கேசரியைக் கீழே வைத்தார். "இன்னாமா இது, ஒரு மாதிரி கவுச்சி அடிக்குது?"

"தெருவுல கூடைக்காரி யாராவது போயிருப்பா" என்று சொல்லிக்கொண்டே அம்மா சாம்பிராணி எடுக்க ஓடினாள்.

"தெருவுல இல்ல. மேல இருந்து வருது." அவர் நிமிர்ந்து பரணைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "மீன் காலேஜின்னு சொன்னாங்க. நாங்க நம்பல."

மாப்பிள்ளையின் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். எழுந்திருக்கப் போகிறார் என்று புரிந்தது. தங்கை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கெஞ்சலா, கோபமா, என்னவென்று சொல்ல. ஏணியைச் சாத்திப் பரணில் ஏறினேன். குடுவை சாய்ந்து கிடந்தது. பாதி நீர் சூடான பலகையில் கொட்டிக் காய்ந்துகொண்டிருந்தது. மீதியை எடுத்துக்கொண்டு வந்து மாப்பிள்ளையின் அம்மா முன்னால் வைத்தேன்.

"மீன் இல்லீங்க. பாசி. கடல் தண்ணில வளர்ற பாசி. புல்லு பூண்டு மாதிரி ஓரறிவு உயிருங்க. வெயில் தாங்காம வாடை வந்துடுச்சு. மீனை நான் தொடறதே இல்லீங்க."

அவர் குடுவையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "பச்சையாத்தான் இருக்குது. பாசிதான்."

அப்போதுதான் நானும் சரியாகப் பார்த்தேன். தேன் நிறம் போய்விட்டிருந்தது. சூட்டில் பழுப்பு நிறம் சிதைந்தால் உள்ளே இருக்கும் பச்சை வெளியே தெரியும். "பழுப்பா இருந்துச்சுங்க" என்றேன். "செத்தாதான் இப்படிப் பச்சை ஆவும்."

'செத்தா' என்று சொன்னதும் ஓவென்று அழுதுவிட்டேன். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால், பெரியவள், மூக்கில் நீர் வழிய அழுதேன். அத்தனை மாத வேலை, கண் எரிய நுண்ணோக்கியில் உட்கார்ந்த பொழுதுகள், பேராசிரியரிடம் என்ன சொல்வேன் என்ற திகில் எல்லாம் சேர்ந்து வந்தது. தங்கையின் கல்யாணம் அந்த நிமிடம் என் நினைவிலேயே இல்லை.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்து வந்து என் தோளைத் தொட்டார். "அழுவாதம்மா. தெரிஞ்சா செஞ்ச? அது நல்லா இருக்கணும்னுதான நீ தூக்கியாந்த." பிறகு கணவர் பக்கம் திரும்பினார். "பாத்தீங்களா? ஓரறிவுக்கே இந்த அழுவை அழுவுது. இந்த வீட்ல பொண்ணு எடுக்காம வேற எங்க போயி எடுக்கறது?"

அப்படி இல்லை என்று சொல்ல நான் வாயெடுத்தேன். நைனா என்னைப் பார்த்த பார்வையில் வாய் தானாக மூடிக்கொண்டது. சாம்பிராணிப் புகைக்கு நடுவே அங்கேயே தட்டு மாற்றிக்கொண்டார்கள். வண்டி தெருமுனை தாண்டியதும் தங்கை ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் உடம்பு முழுக்கச் சந்தோஷம்.

"நல்லவேளைக்கா, அது செத்துது" என்றாள். அப்புறம் என் காதருகில், "நீ எதுக்கு அழுதேன்னு எனக்குத் தெரியும். அங்க யார்கிட்டயும் சொல்லிடாத, இன்னா?"

கல்யாணம் முடிந்து, அடுத்த விடுமுறையில் தொண்டூர் போனேன். அதற்குள் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேறு வேலை கொடுத்திருந்தார்கள். கடல் நீரில் அயோடின் விட்டுப் பாசிகளைக் கொன்று, அசையாமல் கிடப்பவற்றை எண்ண வேண்டும். தினமும் அதுதான். தங்கையின் மாமியார் என்னை வந்தவர் போனவரிடமெல்லாம், "ஓரறிவுக்கு அழுத பொண்ணு இதுதான்" என்று காட்டிக்கொண்டிருந்தார். சாயங்காலம் தங்கை, நீரில் இருக்கும் சிற்றுயிர் எதுவும் சாகக்கூடாதென்று, குடத்திலிருந்து பானைக்குத் துணி கட்டித் தண்ணீர் வடித்துக்கொண்டிருந்தாள். மாமியார் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏம்மா, இப்பவாவது அதுங்கள நல்லா பாத்துக்கறியா? ஒண்ணும் சாவறது இல்லையே?"

தங்கையின் கை நின்றது. சாய்த்த குடம் அப்படியே இருந்தது.

"இல்லீங்க அத்தை" என்றேன்.

தங்கை மறுபடியும் தண்ணீரை ஊற்றத் தொடங்கினாள்.