ஜோடி ஆஸ் வந்தால் கால் நடுங்கும்

சீட்டாட்டத்தில் சீட்டுப் போடுகிற தொழிலில் ஒரு வசதி உண்டு: ஜெயித்தால் ஆடியவரின் மூளை, தோற்றால் போட்டவனின் கை. மேலே ஒருத்தர், கீழே ஒருத்தர் என்று நடுவில் நின்று வேலை பார்க்கிற எல்லாருக்கும் இந்த அவஸ்தை தெரிந்திருக்கும். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

கோவில்பட்டியில் தீப்பெட்டிக் கம்பெனியில் பாக்கிங்கில் இருந்தேன். மெஷின் வந்தது, நான் வெளியே வந்தேன். விரல் வேகத்தைப் பார்த்து ஒரு பொழுதுபோக்கு மன்றத்தில் சீட்டு மேசைக்கு ஆள் எடுத்தார்கள்.

கிளாஸ் சத்தம்

மன்றத்தில் முதலில் ரம்மிதான். தீப்பெட்டி முதலாளி சங்கரவேல் அண்ணாச்சியின் மருமகன் பெங்களூரிலிருந்து வந்தபோது லிமிட் ஹோல்டெம் என்ற ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்த்து. நடுவில் ஐந்து சீட்டு எல்லாருக்கும் பொது; இந்த ஏழில் பெரிய ஐந்து யாருக்குச் சேருகிறதோ அவருக்கு வெற்றி. முதலில் மூன்று, பிறகு ஒவ்வொன்றாகத் திறப்பேன். ஒவ்வொரு தடவையும் ஒரு சுற்றுப் பந்தயம். அதற்கு அளவு உண்டு. எவ்வளவு நல்ல கையாக இருந்தாலும் ஒரே அடியில் எதிராளியை வழித்தெடுக்க முடியாது. சுற்றுக்குச் சுற்று கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கறக்க வேண்டும். மன்றத்தில் காசு கூடாது என்பதால் மருந்து தோய்க்காத தீக்குச்சிதான் பந்தயம். குச்சிதானே என்று நினைக்காதீர்கள். கம்பெனியில் கழிவுக் குச்சியை மூட்டை மூட்டையாகத் தள்ளுகிற அண்ணாச்சிக்கு, இங்கே ஒரு குச்சி போனாலும் ரத்தம் கொதிக்கும்.

ஒரு நாள் அவருக்கு இரண்டும் ஆஸ். அதைவிடப் பெரிய ஆரம்பம் இந்த ஆட்டத்தில் கிடையாது. முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டார், ஆனால் மேசைக்கடியில் கால் ஆட ஆரம்பித்துவிட்டது. மேலே டீ கிளாஸ் கிணுகிணு என்றது. ஒருத்தர் கிளாஸைப் பார்த்தார், அந்த ஆட்டம் வேண்டாமென்று சீட்டை மடக்கினார். அடுத்தவரும் மடக்கினார். கடைசியில் அத்தனை பேரும் மடக்கிவிட, எல்லா ஆட்டத்திலும் கட்டாயமாகப் போடுகிற ஆரம்பக் குச்சிகள் மட்டும்தான் அவருக்கு. ஆஸ் இரண்டையும் மேசையில் அடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏலே மாரியப்பா, ரெண்டு ஆஸைக் குடுத்தியே, கூட ஆட ஒரு ஆளையும் குடுத்திருக்கலாம்லா!"

பதுங்கல்

சீனிவாசன் எட்டயபுரம் பக்கத்துக் கரிசல்காட்டு விவசாயி. உளுந்தும் மிளகாயும் போடுகிறவர். அண்ணாச்சிக்கு நடந்ததைப் பார்த்து அவர் ஒரு முடிவு எடுத்திருந்தார்: நல்ல கை வந்தால் மூச்சுக் காட்டக் கூடாது.

அவர் கையில் இரண்டு ராஜா. நான் திறந்த முதல் மூன்றிலும் ஒரு ராஜா. மனிதர் குச்சியைத் தொடவே இல்லை. எல்லாரும் சும்மா விட, நான் நாலாவதைத் திறந்தேன், அப்போதும் சும்மா. பின்னால் வருகிற சீட்டு யாருக்கு எதைச் சேர்க்குமோ! ஐந்தாவதும் வந்தது, இப்போது பாய்ந்தார். எதிரே இருந்தவர் கால்நடை டாக்டராக இருந்து ஓய்வு பெற்ற ராஜலட்சுமி அம்மா. கடைசி இரண்டு சீட்டிலும் அவருக்கு ஆர்ட்டின் சேர்ந்து, ஐந்தும் ஒரே ஜாதியாகிவிட்டது; மூன்று ராஜாவைவிட அது பெரிய கை. முதலிலேயே ஒரு குச்சி போட்டிருந்தால் அந்தம்மா எழுந்து போயிருப்பார். சீனிவாசன் மூன்று ராஜாவையும் பிணத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரம்மா குச்சியை அள்ளியபடியே சொன்னார்:

"மாட்டுக்கு நோவு கண்ட அன்னைக்கே வரணும் சீனிவாசன், நாளைக்குப் பாப்போம்னு கிடந்தா இப்பிடித்தான்."

பாத்துருவோம்

டாக்டரம்மா பதுங்கவும் மாட்டார், பாயவும் மாட்டார். நல்ல கை என்றால் ஒவ்வொரு சுற்றிலும் குச்சி போடுவார், அவ்வளவுதான். சங்கரவேல் அண்ணாச்சிக்கோ மடக்குவது தெரியாது. "பாத்துருவோம்" என்று எதிராளி போட்ட அளவுக்கு ஈடுகட்டிக்கொண்டே வருவார்.

ஒரு தடவை டாக்டரம்மாவிடம் இரண்டு ராணி. கடைசிச் சீட்டாக ராஜா விழுந்தது. நானாக இருந்தால் அண்ணாச்சியிடம் ராஜா இருக்குமோ என்று அங்கேயே நிறுத்தியிருப்பேன். அந்தம்மா அதற்கும் போட்டார். "பாத்துருவோம்" என்ற அண்ணாச்சியிடம் இருந்தது ராணிக்கும் கீழான ஜாக்கி ஜோடி. ஆட்டம் கலைந்ததும், "உங்களுக்குப் பயமா இல்லையா டாக்டரம்மா?" என்று கேட்டேன்.

"பயமாத்தான் இருந்துச்சு, ஆனா அவிய ஆசை என் பயத்தைவிடப் பெருசுலா."

செயலாளர் கூப்பிடுகிறார்

மன்றச் செயலாளர் கூப்பிட்டனுப்பினார். டாக்டரம்மாவுக்கே நான் பார்த்துப் பார்த்து நல்ல சீட்டுப் போடுவதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். என் மகள் அப்போதுதான் நர்ஸிங் சேர்ந்திருந்தாள். பாக்கிங் வேலைக்குத் திரும்பலாம் என்றால் அங்கே என் இடத்தில் மெஷின் நிற்கிறது. என் சத்தியத்தை அவர் காதில் வாங்கவில்லை.

"இன்னொரு புகார் வந்தா சீட்டு மேசையைத் தூக்கிட்டு கேரம் போர்டு போட்டுருவோம், கேரத்துக்குச் சம்பளத்துக்கு ஆள் வேண்டாம்லா."

கடைசிச் சீட்டு

பொங்கல் போட்டி. ஜெயித்தவருக்குக் கோப்பை, மன்றப் பலகையில் பெயர். டாக்டரம்மாவும் தோற்று வேடிக்கை பார்க்க உட்கார்ந்துவிட, மிஞ்சியவர்கள் அண்ணாச்சியும் சீனிவாசனும். நான் சீட்டைக் கலைத்து அண்ணாச்சி முன் வைத்தேன், அவர் வெட்டிக் கீழ்ப்பாதியை மேலே வைத்தார், போட்டேன். திறந்த மூன்றில் இரண்டு ஒன்பது, ஒரு ஆறு. அண்ணாச்சியின் கையில் இரண்டு ஆறு. மூன்றும் இரண்டுமாக நிறைந்த கை! இந்த முறை கால் ஆடவில்லை, பதுங்கவும் இல்லை. போட்டார். சீனிவாசன் ஏற்றினார். இவரும் ஏற்றினார். சுற்றுக்கு இத்தனை தடவைதான் ஏற்றலாம் என்ற கட்டு வரைக்கும் போனார்கள். நாலாவது சீட்டு யாருக்கும் உதவாத ஒரு இரண்டு. மறுபடியும் கட்டு வரைக்கும்.

இரண்டு பெரிய கை மோதினால் பழி யார் தலையில் விழும் என்று எனக்குத் தெரியும். விரல் வேர்த்துச் சீட்டில் ஒட்டியது. ஐந்தாவதைத் திறந்தேன். ஆஸ். கடைசிப் பந்தயமும் முடிந்து சீனிவாசன் கையை விரித்தார்: ஒரு ஒன்பது, ஒரு ஆஸ். மூன்று ஒன்பது, இரண்டு ஆஸ்; மூன்று ஆறைவிட மூன்று ஒன்பது பெரிது. அண்ணாச்சி ஒரு தப்பும் செய்யாமல் தோற்றுவிட்டார்.

நாற்காலி பின்னால் சரிந்தது. "சீட்டை அடுக்கி வச்சுப் போட்டிருக்கான்! கூப்பிடு செயலாளரை!" என்று கத்தினார். நான் எழுந்து நின்றேன். மகள் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. அறையில் அத்தனை பேரும் என் விரல்களையே பார்க்கிறார்கள்.

டாக்டரம்மா சத்தம் போடாமல் கேட்டார்: "அண்ணாச்சி, சீட்டை வெட்டினது யாரு?"

அண்ணாச்சி தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார். சரிந்த நாற்காலியைத் தானே நிமிர்த்தி உட்கார்ந்தார். பந்தயத்துக்கு அளவு இருந்த புண்ணியத்தில் முன்னால் கொஞ்சம் குச்சி மிஞ்சியிருந்தது. அது நாலைந்து ஆட்டத்தில் கரைந்து கோப்பை சீனிவாசனுக்குப் போனது வேறு விஷயம். அந்த நிமிஷத்தில் அவர் சொன்னதுதான் எனக்கு மூச்சு வரவைத்தது:

"அப்ப என் கழுத்தை நானேதான் வெட்டிருக்கேன்… நீ உக்காருலே, அடுத்த கையைப் போடு."

பலமான கையைக் கண்டு பதறாமல் இருக்க ஆடாமலே இருந்துவிடுவதுதான் வழி என்பீர்கள், ஆனால் அந்த மேசையில் ஒரு குச்சிகூட வைக்காத எனக்குத்தான் எல்லாரையும்விட அதிகமாக வேர்க்கிறது.