ஒச்சாயி கிணற்றுக்கு வைத்த சிவப்பு வெளிச்சம்

ஒச்சாயிக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் வீட்டுக்குப் போனாலும் ஒரு செம்பு தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிப்பாள். குடித்து முடித்ததும் அந்தத் தண்ணீரைப் பற்றி ஒரு குறை சொல்லிவிட்டுத்தான் வந்த காரியத்தைப் பேசுவாள். உப்பு என்பாள், சவர் என்பாள், ஒன்றும் அகப்படாவிட்டால் குழாய் வாடை என்பாள். மகளைக் கட்டிக்கொடுத்த சின்னாளப்பட்டி வீட்டிலும் முதல் நாளே சொன்னாள். சம்பந்தி வீட்டார் இன்னும் மறக்கவில்லை.

உள்ளூர்க்காரர்கள் அதைப் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் அவளுடைய கிணறு. திண்டுக்கல்லுக்குக் கிழக்கே இருக்கும் அந்த ஊரில் போர் போட்ட இடமெல்லாம் உப்புத் தண்ணீர்தான் வந்தது. இவள் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு பூப்போல வேகும். அதனால் பங்குனியில் காளியம்மனுக்குப் பொங்கல் வைக்கும்போது முதல் குடம் இந்தக் கிணற்றிலிருந்துதான் போகும். முன்பு அவள் மாமியார் சுமந்தாள், பிறகு இவள் சுமந்தாள். அந்தக் குடம் வந்து இறங்காமல் கோயிலில் அடுப்புப் பற்றவைக்க மாட்டார்கள். ஒச்சாயிக்கு இதைத் தவிர வேறு பெருமை தேவைப்படவில்லை. நகை வேண்டும் என்று அவள் கேட்டதாகப் புருஷன் மூக்கையாவுக்கு நினைவில்லை. கேட்டிருந்தால் வாங்கிக் கொடுத்திருப்பாரா என்பது வேறு விஷயம்.

இந்த வருடம் கோயில் கமிட்டித் தலைவர் நல்லுசாமி, பொங்கலுக்குக் கேன் தண்ணீர் வாங்கலாம் என்று சொல்லிவிட்டார். தோல் பதனிடும் ஷாப்புகளின் கழிவு மண்ணுக்குள் இறங்கிக் கிணறுகளில் கலக்கிறது என்று பேச்சு இருந்தது. இரண்டு வயல் தள்ளி இருக்கும் வீரனின் கிணற்றில் தண்ணீர் மஞ்சள் பூத்து, அவன் ஆடுகூட வாய் வைப்பதில்லை. ஒச்சாயி கமிட்டிக் கூட்டத்துக்கு நேரே போய் நின்றாள்.

"கேன் தண்ணியில பொங்க வச்சா ஆத்தா ஏத்துக்கிருவாளா?"

"ஆத்தா ஏத்துக்கிருவா, ஒச்சாயி. திங்கப்போறது நாமள்ல?" என்றார் நல்லுசாமி.

ஒச்சாயி அதோடு வாயை மூடுகிறவள் அல்ல என்பதால், தண்ணீரைச் சோதித்துக் காட்டுகிறேன், கெட்டிருந்தால் குடத்தைத் தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

மூக்கையாவின் தங்கை மகள் அறிவுச்செல்வி டவுனில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். தங்கத்தைக் கரைத்து முட்டை வெள்ளைக்கருவோடு சேர்த்து, பதமான சூட்டில் வைத்திருப்பாள். வெள்ளைக்கருவுக்குள் தங்கம் சிறு சிறு கொத்தாக, எந்தக் கண்ணுக்கும் தெரியாத அளவில், உட்கார்ந்துகொள்ளும். வெளிச்சத்தில் பார்த்தால் பால் விடாத டீ மாதிரி இருக்கும். இருட்டில் ஊதா விளக்கைக் காட்டினால் சிவப்பாக ஒளிரும். தோல் ஷாப் கழிவில் இருக்கும் குரோமியம் கலந்தால் அந்த ஒளி மங்கும், அதிகமானால் அணைந்தே போகும். ஒச்சாயி இதை முழுதும் கேட்டுவிட்டு, தங்கத்தை முட்டையில் போட்டுக் கெடுப்பதற்கா சம்பளம் கொடுக்கிறார்கள் என்று விசாரித்தாள். அதுவும் ஒழுங்காகக் கொடுப்பதில்லை என்றாள் அறிவுச்செல்வி.

அவள் வரச்சொன்ன நாளில் ஒச்சாயி இடுப்பில் குடத்தோடு பஸ் ஏறினாள். சாட்சிக்கு நல்லுசாமி கூட வந்தார். கல்லூரி வாசலில் இருந்த வாட்ச்மேன் குடத்தை உள்ளே விட மறுத்தார். எதற்கும் விதி இருக்கிறது என்றார், எந்த விதி என்று அவருக்கும் தெரியவில்லை. கடைசியில் நல்லுசாமி குடித்து முடித்த தண்ணீர் பாட்டிலில் குடத்துத் தண்ணீரை ஊற்றி எடுத்துக்கொண்டு, குடத்தை வாட்ச்மேன் காலடியில் வைத்துவிட்டுப் போனார்கள்.

அறிவுச்செல்வி கண்ணாடிக் குழாயைக் கறுப்புப் பெட்டிக்குள் வைத்து விளக்கைப் போட்டாள். கங்கு மாதிரி சிவப்பு. பாட்டில் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். சிவப்பு மங்கிக்கொண்டே வந்து, இருந்த இடம் தெரியாமல் போனது.

"எதனால அணைஞ்சுச்சுன்னு இதுக்குச் சொல்லத் தெரியாது அத்தை. வேற மிஷின்லயும் போட்டுப் பாக்கணும்," என்றாள். அதைச் சொல்லி முடிக்கும்போது நல்லுசாமி வராண்டாவில் நின்று கேன்காரருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார்.

ஒச்சாயி வீட்டுக்கு வந்து குடத்தைக் கவிழ்த்து வைத்தாள். சோற்றுக்கு வெஞ்சனம் வைக்கவில்லை. கிணற்றடிப் பக்கமே திரும்பவில்லை. மூக்கையா பயந்துபோய் ரசம் வைத்தார். அதில் உப்பு இல்லை என்றுகூட அவள் சொல்லவில்லை. அப்போதுதான் அவருக்கு நிஜமாகவே பயம் வந்தது.

மறுநாள் அறிவுச்செல்வி தானே புது பாட்டில்களோடு வந்தாள். லேசான கசிவுக்கு அந்த ஒளி அப்படிச் சுத்தமாக அணையாது, அது அவள் மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. ஒச்சாயியின் கிணற்றில் மேலேயும் அடியிலும் தண்ணீர் எடுத்தாள், வீரன் கிணற்றிலும் எடுத்தாள். பிறகு, நேற்று வீட்டிலிருந்து எதில் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டாள்.

"சாமித் தண்ணிய வேற எதுல கொண்டாருவாக? செப்புக்கொடத்துலதான். முந்தின நாள் சாயங்காலமே புளியப் போட்டுப் பளபளன்னு வெளக்கி, தண்ணிய மோந்து, துணியால வேடு கட்டி வச்சுட்டேன்."

"புளியக் கழுவுனீங்களா?"

"கழுவுனா மினுமினுப்புப் போயிரும்ல ஆத்தா. துணியால தொடச்சேன்."

அறிவுச்செல்வி கையிலிருந்த பாட்டிலைக் கீழே வைத்தாள். புளிப்புப் பட்டால் செம்பு கரையும், இரவெல்லாம் தண்ணீரில் இறங்கியிருக்கும், குரோமியத்தைப் போலவே செம்பும் இந்த ஒளியை அணைக்கும் என்று விளக்கினாள். கிணறு கெட்டதா இல்லையா என்று நேற்று யாரும் பார்க்கவே இல்லை, குடத்தைத்தான் பார்த்திருக்கிறோம் என்றாள். ஒச்சாயி எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்து அவளுக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்தாள்.

ஒச்சாயி கிணற்றின் புதுத் தண்ணீருக்கு ஒளி மங்கவில்லை. பெரிய மிஷினிலும் குரோமியம் அளவுக்கு மீறி இல்லை என்று வந்தது. நல்லுசாமி அந்தத் தாளை வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அணைந்ததைக் கண்ணால் பார்த்தேன், அணையாததையும் கண்ணால் பார்க்க வேண்டும் என்றார். அதில் நியாயம் இருந்ததால் ஒச்சாயிக்குக் கூடுதலாகக் கோபம் வந்தது.

பொங்கல் அன்று மாலை வெயில் இறங்குமுன் அறிவுச்செல்வி கோயிலுக்கு விளக்கும் குழாய்களும் இரண்டு கிணற்றுத் தண்ணீரும் கொண்டுவந்தாள். இருட்டு வேண்டுமே. பந்தலுக்குக் கீழே விரித்திருந்த ஜமுக்காளத்தை எடுத்து அவள் மேலும் நல்லுசாமி மேலும் போர்த்தினார்கள். ஊர் சுற்றி நின்றது. ஒச்சாயியையும் உள்ளே வரச் சொன்னார்கள்.

"எங்கெணத்த நானே ஒளிஞ்சிருந்து பாக்கணுமா?" என்று சொல்லிவிட்டுத் தள்ளி நின்றாள். ஆனால் முந்தானை நுனியைச் சுருட்டி வாயில் வைத்திருந்தாள்.

பிறகு ஜமுக்காளத்துக்குள்ளிருந்து நல்லுசாமியின் குரல் கேட்டது: "ஒண்ணு எரியுது. ஒண்ணு அணைஞ்சுபோச்சு."

"எரியுறது யாரோடது?" என்று நாலைந்து பேர் கேட்டார்கள்.

"ஒச்சாயிது."

பெண்கள் குலவை போட்டார்கள். கண்ணாடிக் குழாய்க்குக் குலவை போட்டது அந்த ஊரில் அதுதான் முதல் தடவை. வீரன் மட்டும், அப்படியானால் அணைந்தது தன்னுடையதா என்று கேட்டான்.

"நாளையிலருந்து எங்கிட்ட வந்து மோந்துக்க அப்பு," என்றாள் ஒச்சாயி. "ஆட்டையும் ஓட்டிட்டு வா."

சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தாள். அறிவுச்செல்வி சொன்னபடி குடத்தைப் புளி வாடை போகக் கழுவினாள், மினுமினுப்புப் போனதற்கு வாய்க்குள் திட்டினாள், அப்போதே இறைத்து அப்போதே எடுத்துக்கொண்டு கோயிலுக்குத் திரும்பினாள். வந்து பார்த்தால் குடத்தை இறக்கிவைக்கக் கை கொடுக்க ஆள் இல்லை. பூசாரி உட்பட எல்லோரும் ஜமுக்காளத்தின் முன்னால் வரிசையில் நின்றார்கள். பார்த்தவர்களே மறுபடியும் நின்றார்கள். நல்லுசாமி வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார்.

ஒச்சாயி செத்த நேரம் பொறுத்தாள். இடுப்பு கடுத்தது.

"நல்லுசாமிண்ணே," என்றாள், "பாத்தது போதும். வந்து அடுப்பப் பத்தவைங்க."