டார்லீன் எண்ணிய ஓட்டம்

பெல்மார் பூங்காவில் ஓடுகிற நாங்கள் அத்தனை பேரும் சேர்ந்து மூன்று வாரத்துக்கு ஒருமுறை பூமியையே சுற்றி வந்துவிடுகிறோம் என்று கணக்குப் போட்டுச் சொன்னவள் டார்லீன் செட்லக். பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாதவள். பிட்ஸ்பர்க்கில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் காலமெல்லாம் நின்று நின்று இரண்டு முட்டியும் தேய்ந்துபோனவள். ஓடியது அவள் கணவர் எமில்தான்.

எமில் தபால்காரராக இருந்தவர். சர்க்கரை நோய் அவர் கண்களைப் பறித்துக்கொண்டது. சட்டை தேடுவதிலிருந்து தெருவைக் கடப்பது வரை எல்லாவற்றுக்கும் டார்லீன் கை வேண்டும். அது அவருக்கும் பிடிக்காது, அவளுக்கும் பிடிக்காது, அதனால் நாள் முழுக்கச் சண்டை. ஆனால் பூங்காவின் வட்டச் சாலையில் கார்களுக்கு இடமில்லை. வெள்ளைக் கோலால் ஓரக்கல்லைத் தடவிக்கொண்டே காலையில் தனியாக ஒரு முழு வட்டம் ஓடிவிட்டு வருவார். வரும்போது வேறு மனிதராக இருப்பார். அதுவரை டார்லீன் பூங்கா வாசலைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இருக்கிற பெஞ்சில் காப்பிக் குடுவையோடு உட்கார்ந்திருப்பாள்.

போன வசந்தத்தில் ஆற்றுப் பாலம் பழுதென்று மூடினார்கள். பூங்காவின் பின்பக்க மேட்டுச் சாலையைக் கார்களுக்குத் திறந்துவிடலாமே, அங்கே யார் ஓடுகிறார்கள் என்று நகரசபையில் ஒருவர் கிளப்பிவிட்டார். கார் வந்தால் எமில் அங்கே ஓட முடியாது. அமுக்கினால் ஓர் எண் கூடுகிற சின்னக் கருவி ஒன்றை வாங்கிக்கொண்டு டார்லீன் காலையும் மாலையும் பெஞ்சே கதி என்று கிடந்தாள். தன்னைத் தாண்டிப் போகிற ஒவ்வொருவருக்கும் ஓர் அமுக்கு. மழையிலும் அமுக்கினாள். ஒரு நாளைக்குச் சுமார் அறுநூறு பேர், வட்டம் இரண்டு மைல், பெருக்கினால் மூன்று வாரத்தில் பூமி. உள்ளூர்ப் பத்திரிகை அதைப் படத்தோடு போட்டது. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

எப்படிக் கணக்குப் போட்டாய் என்று நான்தான் கேட்டுத் தொலைத்தேன். அவள் சொல்லச் சொல்லத்தான் தப்பு எங்கே என்று எனக்குப் பிடிபட்டது. பெல்மாரில் ஓடுகிறவர்கள் யாரும் முழு வட்டம் போவதில்லை. அரை மைலிலேயே, மேட்டடியில், ஒரு பழைய பீரங்கி நிற்கிறது. அதை ஒரு தட்டுத் தட்டிவிட்டு வந்த வழியே திரும்பிவிடுவோம். என் அப்பா காலத்திலிருந்தே அப்படித்தான். மேடு ஆளைக் கொன்றுவிடும், யாருக்குத் தலையெழுத்து? பெஞ்சிலிருந்து பார்த்தால் சாலை வளைவில் பீரங்கி தெரியாது. எதிர்ப்பக்கமிருந்து வருகிறவர்கள் வட்டத்தை மறுபக்கமாகச் சுற்றி வருகிறார்கள் என்று அவள் நினைத்திருந்தாள்.

“அப்போ எதிர்ல வர்றவங்க யாரு, நோரீன்?”

“போனவங்கதான் டார்லீன் திரும்பி வர்றாங்க. ஒரே ஆளை ரெண்டு தடவை எண்ணியிருக்கே.”

“மேட்டுல?”



மூன்று வாரம் மூன்று மாதமானது. அது போகட்டும், மேட்டில் எத்தனை பேர் என்பதல்லவா கேள்வி. மறுநாள் அந்த முட்டிகளோடு, வேலியைப் பிடித்துப் பிடித்து மேட்டில் ஏறினாள். நானும் கூடப் போனேன். காலை முழுக்க நின்றோம். அணில்கள் ஓடின. மனிதர் என்று வந்தவர் எமில் ஒருத்தர்தான். கோல் கல்லில் உரச, ஏதோ பாட்டை முனகிக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக எங்களைத் தாண்டிப் போனார். நாங்கள் நின்றது அவருக்குத் தெரியாது. டார்லீன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவரிடம் சொல்லிவிடாதே என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். எதைச் சொல்லக்கூடாது என்கிறாள் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நகரசபை ஆள் மேட்டில் நின்று எண்ணப்போவதாகச் செய்தி வந்தது. டார்லீன் ஒருத்தர் விடாமல் கெஞ்சினாள். வெண்ணெயில் வதக்கிய பியரோகிக் கொழுக்கட்டைகளைத் தட்டுத் தட்டாகக் கொண்டுவந்து கொடுத்துக் கெஞ்சினாள். ஒரே ஒரு நாள் மேலே ஏறிப் போங்கள், அவ்வளவுதான். எல்லோரும் தின்றுவிட்டுத் தலையாட்டினார்கள்.

ஞாயிறன்று அவள் பீரங்கியை உடம்பால் மறைத்துக்கொண்டு, திரும்பாதீர்கள் என்று இரண்டு கைகளையும் விரித்து நின்றாள். கூட்டம் வந்தது. உற்சாகப்படுத்த நிற்கிறாள் என்று நினைத்தார்களோ, பழகிய கால் சொன்னபடி கேட்கவில்லையோ, விரித்த அவள் உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் திரும்பி ஓடினார்கள். முன்னால் வந்தவர் தட்டியதைப் பார்த்துப் பின்னால் வந்தவரும் தட்டினார். சிலர் நன்றிகூடச் சொன்னார்கள். மேலே, மேலே என்று கத்திக் கத்தி அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஏறியது நானும் இன்னும் நாலு பேரும்தான். நான் இறங்கி வந்தபோது உள்ளங்கை இரண்டும் சிவந்துபோய் அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னோடு ஓடுகிறவர்கள்மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

நகரசபைக் கூட்டத்துக்கு எமில் டை கட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். சபைத் தலைவி பத்திரிகைக் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு, தன்மையாகத்தான் கேட்டாள்.

“மிசஸ் செட்லக், அந்த மேட்டுல தினமும் உண்மையில எத்தனை பேர் ஓடறாங்க?”

டார்லீன் எமிலைப் பார்த்தாள். பொய் சொல்ல வழியில்லை, அவர்கள் ஆள் எண்ணிய கணக்கு மேசைமேல் இருக்கிறது.

“ஒருத்தர்தான். என் வீட்டுக்காரர். அவருக்குக் கண்ணு தெரியாது. யார் கையையும் பிடிக்காம அவர் இருக்கற இடம் அது ஒண்ணுதான். அதையும் எடுத்துடாதீங்க.”

ஓட்டெடுத்தார்கள். ஒரே ஒரு ஓட்டில் மேடு தப்பித்தது. கார்கள் வராது. நான் பாய்ந்து போய் டார்லீனைக் கட்டிக்கொண்டேன். அவள் உடம்பு கட்டைபோல நின்றது, கண் எமில்மேலேயே இருந்தது. அவர் நாற்காலியை விட்டு எழவில்லை.

“மேல யாருமே வர்றதில்லையா, டார்லீன்?”

“இல்லை.”

“முன்னால ஒரு கூட்டம் போகுது, பின்னால ஒரு கூட்டம் வருதுன்னு நெனச்சுல்ல ஓடிட்டிருந்தேன். விழுந்தா எவனாவது வந்து தூக்குவான்னு.”

எமில் அதற்குப் பிறகு ஓடவில்லை. நாங்கள் முறை வைத்துக் கூடவே ஏறுகிறோம் என்று காலில் விழாத குறையாகக் கேட்டுப் பார்த்தோம். துணைக்கு ஆள் வைத்துக்கொண்டு ஓடுவதற்கு டார்லீன் கையே போதும் என்று சொல்லிவிட்டார்.