தோளுக்கு மேல் கை தூக்காத ஏட்டு

ஏட்டு சென்னியப்பன் முப்பது வருஷ உத்தியோகத்தில் ஒரு தடவைகூடத் தோளுக்கு மேல் கையைத் தூக்கியதில்லை. அவரே சொல்வார், கேட்காதவர்களையும் நிறுத்தி வைத்துச் சொல்வார். கூட்டத்தைக் கலைக்கப் போகிற போலீஸ்காரன் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அவருக்கு ஒரு புத்தகம் கொடுத்திருந்தார்கள். மூன்று முறை எச்சரிக்கை வாசிக்க வேண்டும். தடி பிடித்த கை தோளுக்கு மேல் போகக் கூடாது. போனால் அடி தலையில் விழும், ஆள் செத்துப்போவான். ஏன் என்ற பாதியை ஏட்டையா சீக்கிரமே மறந்துவிட்டார். தோள் மட்டும் ஞாபகம் இருந்தது.

சங்ககிரிக்குத் தெற்கே ஒரு சின்ன ஸ்டேஷன் அவருடைய ராஜ்யம். அங்கே இரண்டு வேப்பமரங்களுக்கு நடுவில் தோள் உயரத்துக்குக் கயிறு கட்டியிருந்தார். தினமும் காலையில் கான்ஸ்டபிள்கள் நாலு பேரும் அந்தக் கயிற்றுக்குக் கீழே தடி வீசிப் பழக வேண்டும். கயிறு அசைந்தால் அன்றைக்கு ஏட்டையா வீட்டுக்குத் தண்ணீர் சேந்தி ஊற்ற வேண்டும். வீட்டுக்குள் அந்தக் கயிறு இல்லை. அவர் சம்சாரம் செல்லியம்மாளுக்கு இடது காது கேட்காமல் போனது எப்படி என்று ஊரில் யாரும் கேட்டதில்லை, புத்தகத்திலும் அதற்கு ஒரு பக்கம் கிடையாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம் பக்கத்து ஊர் மாரியம்மன் பண்டிகையில் எருதாட்டம் கூடாது என்று உத்தரவு வந்தது. முந்தின வருஷம் மாடு முட்டி ஒருவன் தொடை கிழிந்துவிட்டதாம். குடியானவன் உடம்பின்மேல் சர்க்காருக்கு அத்தனை கரிசனம்! உத்தரவை யாரும் ஊருக்குள் சொல்லவில்லை. கோயில் முன்னால் இருநூறு பேர் வழக்கம்போலக் கூடினார்கள். ஏட்டையா நாலு கான்ஸ்டபிள்களோடு போய் நின்று காகிதத்தைப் பிரித்தார்.

இந்த ஜனங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஜமாபந்திக்கு வரிக்கணக்குப் பார்க்க வருகிற அதிகாரி காகிதத்தை எடுத்து வாசிக்க ஆரம்பித்தால் தலைத்துணியை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவார்கள். நின்றபடி கேட்பது திமிர். வாசித்து முடித்துக் காகிதத்தை மடித்து, ‘எந்திரிச்சுப் போங்கப்பா’ என்று வாயால் சொன்னால்தான் எழுந்து போவார்கள்.

ஏட்டையா முதல் தடவை வாசித்தார். “சட்ட விரோதமான இக்கூட்டமானது உடனே கலைந்து செல்ல வேண்டியது. தவறினால் பலப்பிரயோகம் செய்யப்படும்.” முன் வரிசை தலைத்துணியை அவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்தது. இரண்டாம் தடவை வாசித்தார். பின்னால் இருந்தவர்களும் உட்கார்ந்தார்கள். மூன்றாம் தடவைக்கு, மாட்டைப் பிடித்துக்கொண்டிருந்த சடையனும் கயிற்றைக் கோயில் கம்பத்தில் கட்டிவிட்டு ஓடி வந்து ஏட்டையாவின் காலடியிலேயே உட்கார்ந்தான். ‘எந்திரிச்சுப் போங்கப்பா’ என்ற இரண்டு வார்த்தை புத்தகத்தில் இல்லை, அதனால் ஏட்டையா சொல்லவில்லை. அந்த ஊருக்கு மூன்று மைல் தள்ளிப் பிறந்தவர்தான் அவர். எல்லாம் தெரியும்.

ஏட்டையா தடியை வீசினார். கை தோளுக்குக் கீழேயே இருந்தது. அடி சடையனின் உச்சந்தலையில் விழுந்தது. மூன்றாம் நாள் அவன் செத்துப்போனான்.

விசாரணை, அதிகாரிகள் வந்தால் தங்குகிற முசாபரி பங்களாவில் நடந்தது. வந்தவர் ஒரு டிப்டி கலெக்டர். வாக்குமூலம் எழுத அவர் அழைத்துப்போன தாலுகா கச்சேரி குமாஸ்தா நான். சடையன் பெண்சாதி பாவாயி காலையிலேயே வந்து வாசலில் நின்றிருந்தாள். ஏட்டைத் தண்டிக்காமல் விடக் கூடாது என்பது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

ஏட்டையா பயத்தில் பொய் சொன்னார். “கூட்டம் நின்னுட்டு இருந்துச்சுங்க எசமான். கல்லை எடுத்துக்கிட்டுப் பாஞ்சு வந்தாங்க.”

“செத்தவன் உம்மைவிட ஒரு சாண் உயரம் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். நின்றவனுக்கு உச்சந்தலையில் எப்படி ஐயா அடி விழும், கையைத் தூக்காமல்?” என்று கேட்டார் டிப்டி.

வேலை போகும், ஜெயிலும் உண்டு என்று ஏட்டையாவுக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம் தாங்கவில்லை.

டிப்டி பாவாயியைக் கூப்பிட்டார்.

“பொய்யிங்க சாமி,” என்றாள் அவள், உள்ளே வரும்போதே. “ஒருத்தரும் நிக்கலீங்க. எம்பட ஊட்டுக்காரரு கையெடுத்துக் கும்பிட்டுட்டு உக்காந்திருந்தாருங்க. கல்லுமில்ல, மண்ணுமில்ல. உக்காந்திருந்தவரெ அடிச்சுக் கொன்னுபோட்டாருங்க.”

“உட்கார்ந்திருந்தது நிச்சயமா?”

“எங்க மாரியம்மா மேல சத்தியமுங்க. ஊரே பாத்துச்சுங்க.”

“உட்கார்ந்திருக்கும்போது அவன் தலை எவ்வளவு உயரத்தில் இருந்தது? இந்த ஏட்டுக்குப் பக்கத்தில் நின்று காட்டு.”

அவள் பயப்படாமல் போய் அவர் பக்கத்தில் நின்றாள். அவருடைய அரைக்கச்சைக்கு நேராகக் கையை நீட்டி, “இங்கதானுங்க சாமி இருந்துச்சு,” என்றாள்.

டிப்டியின் முகம் தெளிந்தது. ஒரு போலீஸ்காரனைச் சிறைக்கு அனுப்பிவிட்டு மேலிடத்துக்குப் பதில் எழுதுகிற சங்கடம் தீர்ந்தது அவருக்கு. இங்கிலீஷில் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஏட்டின் வாக்குமூலம் குழப்பத்தில் சொன்னது. செத்தவன் உட்கார்ந்திருந்தான் என்று அவன் மனைவியே சொல்கிறாள். ஆகவே தலையில் அடிபடக் கை தோளுக்கு மேல் உயர்ந்திருக்கத் தேவையில்லை. எச்சரிக்கை மூன்று முறை வாசிக்கப்பட்டிருக்கிறது. விதி மீறப்படவில்லை.

அவள் வாய் திறந்தபோதே இது எங்கே போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இருமியிருக்கலாம், மைக்கூட்டைத் தட்டிவிட்டிருக்கலாம். பேனாவைத் தொட்டுத் தொட்டு எழுதினேன். சென்னியப்பனை இவ்வளவு ஏசுகிறேனே, எனக்கும் அன்று என் உத்தியோகம்தான் பெரிதாக இருந்தது.

ஏட்டையா விறைப்பாக ஒரு சல்யூட் அடித்துவிட்டு வெளியே போனார். அவரைப் பிடித்து அடைக்கத்தான் கூட்டிப்போகிறார்கள் என்று பாவாயி நினைத்துக்கொண்டாள். வாக்குமூலத்தில் பெருவிரலை அழுத்தி வைத்துவிட்டு என் பக்கம் குனிந்தாள்.

“நாஞ் சொன்னதெ எல்லாம் எழுதிப்போட்டீங்களா சாமி?”

“எழுதிவிட்டேன் அம்மா.”

“ஒண்ணும் உட்டுப்போகலீங்களே?”

“இல்லை.”

“அந்த ஏட்டுக்கு இது போதுமுங்களா?”

“போதும்,” என்றேன்.