வாணி விழாவுக்கு வந்த யானை

எங்கள் பள்ளிக்கூடத்தில் சந்தோஷத்துக்கென்று சில நாட்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. பொங்கல், விளையாட்டுப் போட்டி, ஆசிரியர் தினம், சரஸ்வதிக்கு எடுக்கும் வாணி விழா. மற்ற நாட்களில் அளவுக்கு மீறிச் சந்தோஷமாக இருந்தால் அதிபர் பிரம்போடு வந்துவிடுவார். அதனால் அந்த நான்கு நாட்களையும் நாங்கள் மிகக் கவனமாகச் செலவழித்தோம். விழாவில் யார் எந்த இடத்தில் நிற்பது என்பது எங்களுக்குத் தவணைப் பரீட்சைப் புள்ளிகளைவிடப் பெரிய விஷயம்.

பள்ளிக்கூடம் நெடுங்கேணிக்கு அப்பால் காட்டோரத்தில் இருந்தது. ஒரு மண்டபம், இரண்டு வகுப்பறைக் கட்டடங்கள், சுற்றிவர முள்ளுக்கம்பி வேலி. பின்பக்கம் ஒரு கிணறு. கிணற்றுக்குப் பின்னால் வேலி, வேலிக்குப் பின்னால் காடு. நான் ஏழாம் வகுப்பிலும் அக்கா பதினோராம் வகுப்பிலும் படித்தோம். அங்கிருந்து இரண்டு மைல் தள்ளி ஒரு காலனியில் எங்கள் வீடு. அப்பாவைச் சின்ன வயதில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கூட்டிக்கொண்டு வந்தவர்கள் அங்கேதான் காடு வெட்டிக் குடியேறினார்கள். அதனால் பள்ளிக்கூடத்தில் எங்களுக்குக் காலனிப் பிள்ளைகள் என்று பெயர். விழா என்றால் காலனிப் பிள்ளைகள் வளவு கூட்டுவோம், கதிரை மேசை தூக்குவோம், தண்ணீர் அள்ளுவோம். வாசலில் பன்னீர்ச் செம்போடு நிற்பது வேறு பிள்ளைகள். அப்படி ஒரு சட்டம் எங்கும் எழுதியிருக்கவில்லை. ஒவ்வொரு வருடமும் அது தானாகவே அப்படி நடந்தது.

அந்த வருடம் மழை பிந்திவிட்டது. ஊரில் வாழைகள் கருகிக்கொண்டிருந்தன. வாணி விழாவுக்குப் பொறுப்பான சங்கீத ரீச்சர் வகுப்புக்கு வந்து, வாசலில் கட்ட இரண்டு குலைவாழை வேண்டும், யார் வீட்டில் இருக்கிறது என்று கேட்டா. எங்கள் வீட்டில் குளிக்கிற தண்ணீர் ஓடுகிற இடத்தில் ஐந்தாறு வாழைகள் செழிப்பாக நின்றன. நான் கையை உயர்த்தினேன். ரீச்சர் நம்பாமல், குலையோடா என்று திரும்பக் கேட்டா. குலையோடுதான் என்றேன். அப்படியென்றால் இந்த முறை பன்னீர்ச் செம்பு உனக்குத்தான் என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னா.

பள்ளிக்கூடம் எதைக் கேட்டாலும் அப்பா இல்லை என்று சொன்னதில்லை. விழாவுக்கு முதல்நாள் மத்தியானம் நல்ல வாழையாகப் பார்த்து இரண்டை வெட்டி, பக்கத்து வீட்டுக்காரரின் லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றினார். என்னையும் தூக்கி மேலே இருத்தினார். அவருக்கு அன்றைக்கு வேறொருவரின் வயலில் வரம்பு வெட்டுகிற வேலை. பின்னேரம் ஆறு மணிக்கு எங்களைக் கூட்டிப்போக வருவதாகச் சொல்லிவிட்டு, பெட்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார்.

"புள்ள, நல்லா கேட்டுக்க. மரத்த இன்னைக்குக் கட்ட வேணாம்னு ரீச்சர்கிட்டச் சொல்லு. தனியன் யானை ஒன்னு இந்தப் பக்கம்தான் சுத்துது. குலையோட உள்ள போட்டுப் பூட்டட்டும். விடிய அஞ்சு மணிக்கு நானே வந்து கட்டித் தாறேன்."

நான் தலையை ஆட்டினேன். திரும்பச் சொல்லு என்றார். திரும்பச் சொன்னேன். ஒரு சொல்லும் பிசகவில்லை.

வழி முழுக்க அதை மனதுக்குள் சொல்லிக்கொண்டுதான் போனேன். ஆனால் பள்ளிக்கூட வாசலில் வண்டி நின்றதும் பெரிய வகுப்பு அண்ணாமார் ஓடிவந்து வாழைகளைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். ரீச்சர் வெளியே வந்து குலையைத் தடவிப் பார்த்தா. இவ்வளவு வடிவான குலை இந்தப் பள்ளிக்கூடத்துக்கு வந்ததே இல்லை என்றா. விடியப் பூசை வேலை தலைக்கு மேல் இருக்கும், அதனால் வாசலை இன்றைக்கே கட்டி முடித்துவிட வேண்டும் என்றும் சொன்னா. அந்த இடத்தில் அப்பாவின் சொல்லை நான் எடுக்கவில்லை. நாளைக்குத்தான் கட்டலாம் என்று சொன்னால், அப்படியென்றால் வேறு வீட்டில் பார்ப்போம் என்று ரீச்சர் சொல்லிவிடுவா என்று பயந்தேன். வேறு வீட்டு வாழை வந்தால் வேறு வீட்டுப் பிள்ளைதான் செம்பு பிடிக்கும். கொஞ்சம் பொறுத்துச் சொல்லுவோம் என்று நினைத்தேன்.

கொஞ்சம் பொறுத்து ரீச்சர் செம்பை என் கையில் தந்து பழகச் சொன்னா. நான் மண்டபத் தூண்களுக்குத் தண்ணீர் தெளித்துப் பழகினேன். நாலு மணியாயிற்று. வாசலில் தோரணம் கட்டியாயிற்று. இரண்டு பக்கமும் வாழைகள் நின்றன. அந்தக் குலைகளைப் பார்க்கிற நேரமெல்லாம் அப்பாவின் சொல் ஞாபகம் வந்தது. ஒருமுறை துணிந்து ரீச்சரிடம் போனேன். அவா கும்பத்துக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தா. என்ன பிள்ளை என்று நிமிராமல் கேட்டா. ஒன்றுமில்லை ரீச்சர் என்று திரும்பி வந்தேன். ஐந்து மணியாயிற்று. இன்னும் ஒரு மணித்தியாலத்தில் அப்பா வந்துவிடுவார், வந்து அவரே அவிழ்த்து உள்ளே வைக்கட்டும் என்று எனக்கு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். பிறகு கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னர் வாசல் பக்கம் பெரிதாக ஏதோ முறிந்தது. தோரணம் திருத்திக்கொண்டிருந்த அண்ணாமார் இருவர் சத்தமே போடாமல் மண்டபத்துக்குள் ஓடிவந்தார்கள். அவர்களின் முகத்தைப் பார்த்ததும் அதிபர் கதவைச் சாத்தினார். விளையாட்டிடத்தில் நின்ற பிள்ளைகளை மற்றக் கதவால் ரீச்சர் இழுத்து உள்ளே எடுத்தா. முப்பது பேரளவில் இருந்தோம். யாரும் வாய் திறக்கக் கூடாது என்று அதிபர் கையால் காட்டினார்.

யன்னல் கம்பிக்குள்ளால் பார்த்தேன். அவ்வளவு கிட்ட நான் யானையைப் பார்த்ததில்லை. வலப்பக்க வாழையைத் தோரணத்தோடு சேர்த்து இழுத்துக் கீழே போட்டிருந்தது. ஒரு காலால் மரத்தை மிதித்துக்கொண்டு எங்கள் வீட்டுக் குலையை அவசரமில்லாமல் தின்றது. தென்னோலைத் தோரணம் அதன் தந்தமில்லாத வாயோரத்தில் தொங்கியது.

அப்போதுதான் ரீச்சர் பிள்ளைகளை எண்ணத் தொடங்கினா. இரண்டு முறை எண்ணினா. பிறகு என்னைப் பார்த்து, அக்கா எங்கே என்று உதட்டை மட்டும் அசைத்துக் கேட்டா.

அக்கா விளக்குக் கழுவத் தண்ணீர் அள்ளக் கிணற்றடிக்குப் போயிருந்தா. நான் மற்றப் பக்க யன்னலுக்கு ஓடினேன். கிணற்றுக் கட்டுக்கும் தண்ணீர்த் தாங்கியின் தூணுக்கும் இடையில் அக்கா குந்தியிருந்தா. வாளியை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு கட்டிப் பிடித்திருந்தா. அவாவுக்கும் எங்களுக்கும் நடுவில் வெட்டவெளி.

யானை இரண்டாவது குலையையும் முடித்தது. அவலும் சர்க்கரையும் பழங்களும் மண்டபத்துக்குள் எங்களோடு இருந்தன. மணம் அதற்கும் போயிருக்க வேண்டும். தும்பிக்கையை உயர்த்திப் பார்த்துவிட்டு வளவுக்குள் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அது மூச்சு விடுவது கேட்டது. முதலாம் வகுப்புப் பிள்ளை ஒன்று அழத் தொடங்க, ரீச்சர் அதன் முகத்தைத் தன் சேலைக்குள் புதைத்தா. அதிபர் மூலையில் குனிந்திருந்து தொலைபேசியில் யாரிடமோ மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மேடையில் இருந்த சரஸ்வதி படத்தைப் பார்த்து, அக்கா உயிரோடு வந்தால் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். செம்பு அப்போதும் என் கையில்தான் இருந்தது.

யானை சுவரோரமாகவே நடந்து மண்டபத்தின் பின்பக்கம் வந்தது. கிணறு இப்போது அதன் கண்ணுக்கு நேரே.

அப்பாவை அப்போதுதான் கண்டேன். முறிந்த வாசலைத் தெருவிலேயே கண்டு, சைக்கிளைப் போட்டுவிட்டு, வேலிக்கு வெளியே காட்டோரமாகச் சுற்றி வந்திருக்கிறார். கிணற்றடியில் கம்பியைத் தூக்கி உள்ளே நுழைந்தார். சேர்ட் கிழிந்தது. அக்காவின் கையைப் பிடித்து எழுப்பினார், வாளியை மெதுவாக வாங்கி நிலத்தில் வைத்தார். இரண்டு பேரும் ஓடவில்லை. வகுப்பறைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு அடிமேல் அடி வைத்து வந்தார்கள். பாதி வழியில் யானை திரும்பியது. காது இரண்டும் விரிந்தன. அப்பா நின்றார். அக்காவைத் தனக்குப் பின்னால் விட்டுவிட்டு, கையைத் தொங்கவிட்டபடி, அதற்கு முன்னால் சும்மா நின்றார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

தெருப் பக்கமிருந்து வெடி கேட்டது. வயற்காரர் ஒருவர் யானை விரட்டுகிற வெடியைக் கொளுத்தி எறிந்திருந்தார். அந்தச் சத்தத்துக்கு மண்டபத்திலிருந்த பெரிய பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் குப்புறப் படுத்தார்கள். யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை; சண்டைக் காலத்துப் பழக்கம். யானை பிளிறிக்கொண்டு சைக்கிள் கொட்டகையைத் தட்டி விழுத்தி, வேலிக் கம்பியை இழுத்துக்கொண்டு காட்டுக்குள் போனது.

கதவு திறந்ததும் அக்கா ரீச்சரின் மேல் விழுந்து அழுதா. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அதிபருக்குப் பயம் கோபமாக மாறியது. வெடி கேட்டு வந்த தாய் தகப்பன்மாரும் வளவில் கூடிவிட்டார்கள். எல்லோருக்கும் முன்னால் அதிபர் அப்பாவைக் கேட்டார்.

"உங்கட பக்கம் யானை வாறது உங்களுக்குத் தெரியும்தானே. குலையைக் குடுத்து விடேக்க ஒரு சொல் சொல்லி விட்டிருக்கலாமே."

அப்பா என்னைப் பார்த்தார். ஒரு கணம்தான். நான் குனிந்து என் கால் பெருவிரலைப் பார்த்தேன். சரஸ்வதிக்குக் கொடுத்த வாக்கு அதற்குள் எங்கேயோ போய்விட்டிருந்தது.

அப்பா வீட்டில் தன் தாயாரின் பேச்சைத்தான் பேசுவார். வெளியில் ஊரின் பேச்சைப் பேசுவார். அதிபருக்கு ஊரின் பேச்சில் பதில் சொன்னார்.

"ஓம் சேர். சொல்லி விட வேணும் எண்டுதான் நினைச்சனான். மறந்துபோனன். என்ர பிழைதான்."

கூட்டத்தில் ஒருவர், எங்கட பிள்ளையள் செத்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று கேட்டார். அப்பாவைவிட வயது குறைந்தவர். வேறு யாரோ, இவையளுக்கு என்ன விளங்கும் என்றார்கள். அப்பா போய், விழுந்த வேலிக் கட்டைகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தத் தொடங்கினார்.

வீட்டுக்குப் போகும்போது அக்காவைச் சைக்கிள் கரியரில் இருத்தித் தள்ளிக்கொண்டு வந்தார். நான் பின்னால் நடந்தேன். வாய்க்கால் மதகடியில் சைக்கிளை நிறுத்திவிட்டு மதகுக் கட்டின் மேல் உட்கார்ந்தார். அவருடைய முழங்கால்கள் இரண்டும் ஆடின. வேலிக் கட்டை தூக்கிய களைப்பு என்று நினைத்து என் தண்ணீர்ப் போத்தலைக் கொடுத்தேன். குடித்தார். இப்போது ஏச்சு விழும் என்று காத்திருந்தேன். நாளைக்கு எத்தனை மணிக்குப் பள்ளிக்கூடம் என்று மட்டும் கேட்டார். ஏழு மணிக்கு என்றேன். விடிய தான் போய் வேறு வாழை கட்டிவிட்டு வருவதாகச் சொன்னார்.

மறுநாள் விழா நடந்தது. நான் பாவாடை சட்டையோடு வாசலில் நின்று வந்தவர்கள் எல்லோருக்கும் பன்னீர் தெளித்தேன். சந்தோஷமாக இருந்தேன். இதை மறைக்காமல் எழுத வேண்டும். அரைகுறையாக அல்ல, முழுதாகச் சந்தோஷமாக இருந்தேன். எல்லோரும் யானையைப் பற்றிக் கதைத்தார்கள். யானை தின்றது எங்கள் வீட்டுக் குலையை என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அப்பா விழாவுக்கு வரவில்லை. வேலை இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருடம் பெற்றோர் சங்கத்தின் நிர்வாகத்துக்கு அப்பாவின் பெயரையும் போடுவதாக அதிபரே பேசியிருந்தாராம். காலனியிலிருந்து அதுவரை யாரையும் போட்டதில்லை. விழாவுக்குப் பிறகு அந்தக் கதையை யாரும் எடுக்கவில்லை. நான் வவுனியாவுக்கு மேற்படிப்புக்கு வந்த பிறகு ஒருநாள் அம்மா இதைச் சொன்னா. குறையாகச் சொல்லவில்லை. வேறெதையோ பற்றிப் பேசும்போது இடையில் வந்து விழுந்த கதை அது.

அப்போது எனக்கு இதெல்லாம் தெரியாது. அப்பா உண்மையாகவே மறந்துவிட்டார் என்றுதான் நம்பினேன். பெட்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எனக்குச் சொன்னதை, திரும்பச் சொல்லவைத்ததை, எல்லாவற்றையும் ஒரே பின்னேரத்தில் மறந்துவிட்டார் என்று நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. வயது போகிறது, மறதி வந்துவிட்டது என்று அவருக்காக இரக்கப்படவும் செய்தேன். அவருக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது.

வாணி விழாவுக்குப் பிறகு அப்பா என்னை எங்கேயும் சொல் கொண்டு அனுப்பவில்லை. நாளைக்கு வேலைக்கு வரமுடியாது என்று வயற்காரரிடம் சொல்ல வேண்டுமென்றாலும், மாமா வீட்டுக்கு ஒரு சேதி என்றாலும், வேலை முடிந்து வந்த காலோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு தானே போனார். நான் போகிறேன் அப்பா என்றால், வேண்டாம் புள்ள, நீ படி என்பார். வெயிலில் நான் அலைவது அப்பாவுக்குத் தாங்காது, அக்காவைவிட என்னில்தான் அவருக்கு விருப்பம் என்று நான் அக்காவிடம் நெடுநாள் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.