படகோட்டி என்று போட்ட தலைப்பு

ஏற்காட்டில் ஒரு தேசிய சாம்பியன் இருக்கிறார் என்று ஊருக்குச் சொன்ன நிருபர் நான்தான். அதனால் அவர் பட்ட பாட்டுக்கும் நானே பொறுப்பு.

மாற்றுத்திறனாளிகளுக்கான துடுப்புப் படகுப் போட்டியில் இரண்டு முறை தங்கம் வென்றவர் அவர். இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. காபி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் வேலை. ஏரியில் சுற்றுலாப் பயணிகளின் மிதிபடகுகள் கிளம்புவதற்குள் பயிற்சியை முடித்துக்கொண்டு ஆபீசுக்குப் போய்விடுவார். இரண்டாவது தங்கத்தின்போது என் செய்திக்கு ஒரு பத்திதான் இடம். ‘ஏற்காடு பெண் படகோட்டிக்குத் தங்கம்’ என்று தலைப்புப் போட்டேன். அளவாகப் பொருந்தியது.

ஊருக்குள் ஒண்டிக்கடை சந்திப்பில் செய்தியைப் படித்த இரண்டு பேர், ஏரியைச் சுற்றிக் காட்ட எவ்வளவு கேட்பீர்கள் என்று அவரையே விசாரித்தார்களாம். அதைச் சிரித்தபடி விட்டுவிட்டார். அடுத்தது சிரிப்பதற்கில்லை. சர்வதேசப் போட்டிக்கான தேர்வில் கலந்துகொள்ள சேலத்து அலுவலகம் ஒன்றின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி நாள். விண்ணப்பத்தோடு என் செய்தியையும் இணைத்திருந்தார். அலுவலகம் விண்ணப்பத்தைப் படிக்கவில்லை, தலைப்பைப் படித்தது. கோப்பு மீனவர் நலப் பிரிவுக்குப் போனது. புதன்கிழமை பதில் வந்தது: மீன்பிடித் தடைக்கால நிவாரணம் மலைப்பகுதிக்குப் பொருந்தாது.

வியாழனன்று எஸ்டேட் ஜீப்பில் அவரோடு நானும் சேலத்துக்கு இறங்கினேன். எழுத்தர் தவறை ஒப்புக்கொண்டார். ஆனால் மீனவர் பிரிவில் பதிவான கோப்பை எடுக்க, விண்ணப்பதாரர் மீனவர் அல்ல என்று கிராம நிர்வாக அலுவலரின் சான்று வேண்டுமாம்.

“ஏனுங்க, ஏற்காட்டுல கடலே இல்லீங்களே” என்றார் அவர்.

“அதையும் சேர்த்து எழுதி வாங்கிட்டு வந்துருங்கம்மா” என்றார் எழுத்தர்.

திரும்ப மலையேறினோம். இப்படி ஒரு சான்றை இதுவரை யாரும் கேட்டதில்லை என்று சொல்லிக்கொண்டே கிராம நிர்வாக அலுவலர் எழுதினார்: மேற்படி நபர் மீனவர் அல்ல; மேற்படி ஊரில் கடல் இல்லை. கையெழுத்து, முத்திரை.

வெள்ளிக்கிழமை பிற்பகல் கடிதம் கைக்கு வந்தது. கையெழுத்திட்ட அதிகாரி, கடலில் கவனமாக இருக்கும்படி அறிவுறுத்தி அனுப்பினார்.

திரும்பும் வழியில், திருத்தம் வெளியிடுகிறேன் என்றேன்.

“வேண்டாமுங்க. அதுல இன்னொரு வார்த்தை போடுவீங்க. ஜெயிச்சா நானே எழுதித் தர்றனுங்க.”

தேர்வில் முதலாவதாக வந்தார். சொன்னபடி நான்கு வரி எழுதி அனுப்பினார். தூரம், நேரம், இடம் எல்லாம் சரியாக இருந்தன. படகு என்ற சொல் மட்டும் எங்கும் இல்லை.